மருந்து கொடுத்தும் ரத்தக் கழிச்சல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நான்கு வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்து சாகின்றன. தண்ணீரில் மருந்து கலந்தால் நின்றுவிடுகிறது. கொட்டகையை ஃபினாயில் ஊற்றிக் கழுவி அடுத்த பேட்ச் விட்டால், அதே நான்காவது வாரத்தில் மறுபடி ஆரம்பம். இப்போது பக்கத்துக் கொட்டிலில் இரண்டு மாத ஆட்டுக்குட்டிகளும் கழிகின்றன. பூச்சி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. நான்காவது வாரம் என்ன கணக்கு, கோழியிடமிருந்து ஆட்டுக்கு ஒட்டிவிட்டதா, எந்த மருந்து கொடுத்தால் இது ஒரேயடியாக ஒழியும் என்பது கேள்வி.

ஒரேயடியாக ஒழிக்கிற மருந்து கிடையாது. கோழியிடமிருந்து ஆட்டுக்கு ஒட்டவும் இல்லை. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரத்தக் கழிச்சலுக்குக் காரணம் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி. பண்ணை விலங்குகளில் பெரும்பாலும் எய்மேரியா என்ற இனம். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. இது புழு இல்லை. அதனால்தான் அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் போன்ற பூச்சி மருந்துகள் இதை ஒன்றும் செய்வதில்லை. பாக்டீரியாவும் இல்லை என்பதால் சாதாரண ஆன்டிபயாடிக் பலவற்றுக்கும் இது அசையாது. ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனி எய்மேரியா உண்டு. கோழிக்கு மட்டும் ஏழு வகை. ஆட்டுக்கு வேறு, மாட்டுக்கு வேறு, முயலுக்கு வேறு. கோழியின் எச்சத்தை ஆடு தின்றுவிட்டால்கூட அந்த எய்மேரியாவால் ஆட்டின் குடலில் குடியேற முடியாது. மனிதருக்கும் வராது. அப்புறம் எப்படி இரண்டும் ஒரே சமயத்தில் கழிகின்றன? இரண்டு கொட்டகையிலும் தரை ஈரமாக இருக்கிறது, இரண்டிலும் இளம் உயிர்கள் நெருக்கமாக நிற்கின்றன. காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? எச்சத்தோடு வெளியே வருவது ஊசிஸ்ட் எனப்படும் ஓடு போர்த்திய நுண்ணிய முட்டை மாதிரியான ஒன்று. வந்த உடனே அதற்கு நோய் உண்டாக்கும் சக்தி கிடையாது. வெதுவெதுப்பு, ஈரம், காற்று மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உள்ளே பிரிந்து எட்டு சிறு உயிரிகளாகத் தயாராகும். காய்ந்த கூளத்தில் அந்தப் பக்குவம் சரியாக நடக்காது. பக்குவப்பட்ட ஊசிஸ்ட்டைக் குஞ்சு கொத்தித் தின்றதும் இரைப்பையில் ஓடு அரைபட்டு உடைகிறது, எட்டும் வெளியே வந்து குடல் செல்களுக்குள் புகுகின்றன. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் பெருகி, செல்லை வெடித்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த செல்களைப் பிடிக்கின்றன. கோழியில் கடும் ரத்தக் கழிச்சல் உண்டாக்குகிற டெனெல்லா வகையில் இரண்டாவது சுற்றுப் பெருக்கம்தான் ரத்தக் குழாய்களைக் கிழிக்கிறது. அது நடப்பது தின்ற ஐந்தாம் நாள் வாக்கில். புது ஊசிஸ்ட் எச்சத்தில் வரத் தொடங்குவது ஏழாம் நாள் வாக்கில்.

இந்தக் கணக்கில் நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ரத்தம் தெரிந்த முதல் நாள் எச்சத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினால் 'ஒன்றும் இல்லை' என்று வரலாம்; அதை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. அடுத்தது, ரத்தம் பார்த்து நாம் மருந்து கலக்கும் நேரத்தில் அந்தக் குஞ்சுக்குள் சேதம் பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். மருந்து காப்பாற்றுவது அதன் பக்கத்தில் தெம்பாக நிற்கிற, நேற்றோ முந்தாநாளோ ஊசிஸ்ட்டைத் தின்ற குஞ்சை. அதனால் கழிகிற குஞ்சுகளைப் பிரித்து அவற்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பதில் அர்த்தமில்லை. மொத்தக் கொட்டகைக்கும் கொடுக்க வேண்டும்.

நான்காவது வாரம் என்ன கணக்கு என்று கேட்டிருந்தீர்கள். தரையில் விட்ட குஞ்சு முதல் வாரத்தில் கொஞ்சம் ஊசிஸ்ட்டைத் தின்னும். ஒரு வாரம் கழித்து அதைப் பல மடங்காக்கித் தரையில் போடும். அதைத் தின்று இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொன்று. மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள் தரையில் சுமை உச்சத்துக்குப் போகிறது. நல்ல விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு சுற்றும் குஞ்சுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு சக்தியும் தருகிறது. கொஞ்சமாகத் தின்ற குஞ்சுக்கு அது தடுப்பூசி மாதிரி. ஒரே நாளில் அள்ளித் தின்ற குஞ்சுக்கு அது நோய். பெரிய கோழி அதே தரையில் நின்று ஒன்றும் ஆகாமல் இருப்பது இதனால்தான். ஆகவே நாம் செய்யப் பார்ப்பது ஊசிஸ்ட்டைப் பூஜ்யம் ஆக்குவது இல்லை. குஞ்சு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை.

சரி, இன்று என்ன செய்வது?

முதலில் நோய் இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். செத்து ஒரு மணி நேரத்துக்குள் உள்ள குஞ்சைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்வதைவிட வேகமான வழி இல்லை. நேரம் போனால் குடல் நிறம் மாறி எதுவும் விளங்காது. சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு விரல் மாதிரி நீண்டிருக்கும் குருட்டுக்குடல்கள். டெனெல்லாவாக இருந்தால் இரண்டும் ரத்தம் நிரம்பிய பை போல வீங்கி, வெளியிலிருந்தே கருஞ்சிவப்பாகத் தெரியும். நீளவாக்கில் வெட்டினால் உள்ளே உறைந்த ரத்தக்கட்டி. இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தால் பாலாடைக்கட்டி போன்ற ஒரு கெட்டிச் சக்கை. குடலின் உள்சுவரை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். எல்லா வகையும் ரத்தம் காட்டாது. அசெர்வுலினா என்ற வகை முன்குடலில் ஏணிப்படி மாதிரி வெள்ளைக் கோடுகளை மட்டும் போடும். குஞ்சு சாகாது, ஆனால் தின்ற தீவனம் எடையாக மாறாது. இந்தச் சத்தமில்லாத நட்டம்தான் பண்ணைகளை அதிகம் கரைக்கிறது என்பது என் கருத்து. ரத்தம் பார்த்தால் ஓடி வருகிறோம், எடை குறைந்தால் தீவனத்தைத் திட்டுகிறோம்.

மருந்தாகப் பலரும் முதலில் எடுப்பது ஆம்ப்ரோலியம். குடிநீரில் 0.024 சதவீதம், மூன்று முதல் ஐந்து நாள். கடுமை குறைந்திருந்தால் 0.012. அதன்பின் 0.006 சதவீதத்தில் ஒன்று அல்லது இரண்டு வாரம் தொடர வேண்டும். 20 சதவீதத் தூளாக இருந்தால் 0.024 என்பது லிட்டருக்கு 1.2 கிராம். அந்த இரண்டாம் கட்டத்தைத் தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ரத்தம் நின்றது, பாக்கெட்டை மூடி வைத்தாயிற்று, பத்து நாளில் மறுபடி வந்தது என்று புலம்பல்.

ஆம்ப்ரோலியத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அது வைட்டமின் பி1 போலவே உருவம் கொண்ட ஒரு போலி. ஒட்டுண்ணி பி1 என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டு வளர முடியாமல் போகிறது. மருந்து வேலை செய்யும் விதமே அதுதான். நான் பார்த்த ஒரு பண்ணையில் காலையில் ஆம்ப்ரோலியமும் மாலையில் 'குஞ்சு சோர்ந்து கிடக்கிறதே' என்று பி-காம்ப்ளெக்ஸும் ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து போலி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். பாவம், மருந்து மேல் தப்பில்லை. அசல் பி1 கிடைத்துக்கொண்டிருக்கும்போது ஒட்டுண்ணி போலியிடம் ஏன் ஏமாறப்போகிறது? பி வைட்டமின்களை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள். இடையில் வேண்டுமானால் வைட்டமின் ஏ, கே இரண்டும் உதவும்.

டோல்ட்ராசுரில் இதைவிட வலுவானது, ஒட்டுண்ணியின் செல்லுக்குள் உள்ள எல்லாக் கட்டங்களையும் தாக்கும். கோழிக்கு கிலோவுக்கு 7 மில்லிகிராம், அடுத்தடுத்து இரண்டு நாள். 2.5 சதவீதக் கரைசலாக இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி வீதம் 48 மணி நேரம். முட்டையை மனிதர் சாப்பிடும் முட்டைக்கோழிக்கு இதைக் கொடுக்கக் கூடாது. சல்ஃபா மருந்துகளும் கேட்கும். ஆனால் அளவு கூடினாலோ நாள் நீண்டாலோ கோழிக்கு உள்ளேயே ரத்தக் கசிவு ஏற்படும், சிறுநீரகமும் பாதிக்கும். எந்த மருந்தானாலும் முட்டை, இறைச்சி, பாலுக்கான காத்திருப்பு நாட்களை (மருந்து நிறுத்திய பிறகு அவற்றை மனிதர் சாப்பிடாமல் விட வேண்டிய நாட்கள்) லேபிளில் பார்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

மருந்தைத் தீவனத்தில் கலக்காமல் தண்ணீரில் ஏன் கலக்கிறோம் என்றால், நோய் வந்த குஞ்சு தின்னாது, ஆனால் குடிக்கும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் எதுவும் கிடைக்கக் கூடாது. ஒழுகும் தண்ணீரும் 'வேறு தண்ணீர்' கணக்கில்தான் வரும். குஞ்சுகளைக் கதகதப்பாக வையுங்கள். கழிச்சல் நின்று இரண்டு மூன்று நாளில் திடீரென்று மறுபடி சாவு ஏறினால் அது பெரும்பாலும் காக்சிடியா இல்லை. கிழிந்த குடலில் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா புகுந்து குடல் அழுகல் வந்திருக்கும். அதற்கு வேறு சிகிச்சை. மருத்துவர் சொல்லாமல் நீங்களாக மருந்து மாற்றாதீர்கள்.

ஆட்டுக்குட்டிக்கு வருவோம். செம்மறிக்குட்டியில் நான்கு முதல் எட்டு வாரம், வெள்ளாட்டுக்குட்டியில் பால் மறக்கும் நேரம், இதுதான் ஆபத்தான காலம். ஆட்டில் ரத்தம் தெரிந்தே ஆக வேண்டும் என்றில்லை. புழுக்கை உருவம் இழந்து பசை போலவோ கருமையான நீர் போலவோ வரும், பின்னங்கால் ரோமம் பிசுபிசுத்துக் காய்ந்திருக்கும், குட்டி முக்கி முக்கி நிற்கும். உடம்பில் நீர் வற்றுவதால்தான் பெரும்பாலும் சாகிறது. அதனால் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த எலெக்ட்ரோலைட் கரைசலை ஒரு நாளில் பல தடவை புகட்டுவது மருந்துக்குச் சமமான வேலை. புழுத் தொல்லையோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். ஒரு அடையாளம் சொல்கிறேன்: கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்திருந்து, கழிச்சல் இல்லை என்றால் ரத்தம் உறிஞ்சும் புழுவைச் சந்தேகிக்கலாம். கழிச்சல் முன்னால் நின்று, வயது இரண்டு மாதம் என்றால் காக்சிடியா. இரண்டும் சேர்ந்தும் இருக்கும் என்பதால் சாணப் பரிசோதனை செய்வது நல்லது. அதிலும் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அலற வேண்டாம். ஆரோக்கியமான குட்டியின் புழுக்கையிலும் ஆயிரக்கணக்கில் ஊசிஸ்ட் இருக்கும், அவற்றில் பல வகை ஒன்றும் செய்யாதவை.

செம்மறிக்குட்டிக்கு டோல்ட்ராசுரில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஒரே தடவை வாய்வழியாக. 5 சதவீத மருந்தில் அது கிலோவுக்கு 0.4 மில்லி, பத்து கிலோ குட்டிக்கு 4 மில்லி. வெள்ளாட்டுக்கு அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். செம்மறி அளவு அதற்குப் போதாமல் போவதுண்டு. டிக்லாசுரில் என்றால் கிலோவுக்கு 1 மில்லிகிராம். கோழிக்கு வாங்கி மீந்த 2.5 சதவீதக் கரைசலை அப்படியே குட்டியின் வாயில் ஊற்றாதீர்கள். அது தண்ணீரில் கலப்பதற்கென்றே செய்த கடும் காரத்தன்மை கொண்ட கரைசல், வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும்.

இந்த மருந்துகளைக் கழிச்சல் வந்த பிறகு கொடுப்பதைவிட, உங்கள் கொட்டிலில் வழக்கமாக எந்த வயதில் வருகிறதோ அதற்கு ஒரு வாரம் முன்பே மொத்தக் கூட்டத்துக்கும் கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல். அதற்குள் குட்டி கொஞ்சம் ஒட்டுண்ணியைச் சந்தித்திருக்கும், எதிர்ப்பு சக்தி தொடங்கியிருக்கும். சேதம் மட்டும் தொடங்கியிருக்காது. இதற்குத் தேவை ஒரு நோட்டுப் புத்தகம்: எந்தத் தேதியில் பிறந்தது, எத்தனையாவது நாளில் கழிந்தது.

கன்றுக்குட்டி வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: போவிஸ், ஜுர்னியை என்ற இரண்டு வகை முக்கியம். தின்று இரண்டு மூன்று வாரம் ஆன பிறகே கழியும் என்பதால், மூன்று வாரத்துக்குள் உள்ள கன்று கழிந்தால் பெரும்பாலும் வேறு காரணம்; கிரிப்டோஸ்போரிடியமாக இருந்தால் மனிதருக்கும் வரும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காக்சிடியா வந்த கன்று சளியும் ரத்தமுமாகக் கழிந்து, வாலைத் தூக்கிக்கொண்டு முக்கும். சில கன்றுக்கு ஆசனவாய் வெளியே தள்ளிவிடும், சிலவற்றுக்கு வலிப்பும் வரும். ஆம்ப்ரோலியம் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஐந்து நாள், அல்லது டோல்ட்ராசுரில் 15 மில்லிகிராம் ஒரே தடவை. பன்றிக்குட்டியில் இதன் உறவுக்கார ஒட்டுண்ணி ஒன்று முதல் மூன்று வார வயதில் மஞ்சள் நிறப் பசைக் கழிச்சலைக் கொடுக்கும். முயலில் ஒரு வகை ஈரலைத் தாக்கி வெள்ளை முடிச்சுகளை உண்டாக்கும். 1674-இல் லேவன்ஹூக் தன் நுண்ணோக்கியில் முயலின் பித்தநீரைப் பார்த்தபோது கண்டது இந்த முயல் வகையின் ஊசிஸ்ட்களைத்தான் என்கிறார்கள்.

இனி தரை. ஃபினாயில் ஊற்றினேன் என்றீர்கள். ஊசிஸ்ட்டின் ஓடு அதற்கெல்லாம் மசியாது. ஆய்வகங்களில் ஊசிஸ்ட்டைச் சேமித்து வைக்கும்போது கூட வரும் பாக்டீரியாவைக் கொல்ல ப்ளீச்சில் கழுவுவார்கள். பாக்டீரியா சாகும், ஊசிஸ்ட் சுகமாக இருக்கும். அவ்வளவு கெட்டி. அதைக் கொல்வது காய்ந்துபோவதும் சூடும்தான்: நீராவி, கொதிநீர், நேர் வெயிலில் நாள்கணக்கில் காயப் போடுவது. கிருமிநாசினி வாங்குவதாக இருந்தால் லேபிளில் 'ஊசிஸ்ட்டைக் கொல்லும்' என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். குளோரோகிரசால் கலந்தவை அப்படிப்பட்டவை. சாணமோ எச்சமோ ஒட்டியிருக்கும் தரையில் அதுவும் வேலை செய்யாது. முதலில் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் மருந்து. கழுவிய ஈரத்தோடு புதுக் கூளம் போட்டுக் குஞ்சு விட்டால் ஊசிஸ்ட்டுக்கு நாமே மெத்தை விரித்த மாதிரி.

கூளம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உருண்டை அப்படியே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் 20 முதல் 25 சதவீத ஈரம், அது போதும். ஒட்டவே ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் அதுவும் நல்லதில்லை, மூச்சுக்குக் கெடுதல். இதைக் கொட்டகையின் நடுவில் செய்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். தண்ணீர்த் தட்டின் கீழே, குஞ்சுகள் கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாய் வரிசையின் அடியில், மழைச் சாரல் அடிக்கும் மூலையில் செய்யுங்கள். ஒரு பண்ணையில் மூன்று பேட்ச் தொடர்ந்து அடி வாங்கியது. மருந்து மூன்று தடவை மாற்றியாயிற்று. செத்த குஞ்சு கிடந்த இடங்களை ஒரு தாளில் புள்ளி வைக்கச் சொன்னேன். புள்ளிகள் எல்லாம் ஒரே நிப்பிள் குழாயின் அடியில் போய்க் குவிந்தன. குழாயின் ரப்பர் வளையம் தேய்ந்து துளித்துளியாக ஒழுகிக்கொண்டிருந்தது. வளையத்தை மாற்றி, அந்த இடத்துக் கூளத்தை வாரி வெளியே கொட்டினோம். அடுத்த பேட்ச் தப்பித்தது.

தண்ணீர்த் தட்டையும் தீவனத் தட்டையும் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள், அது வளர வளர உயர்த்துங்கள். ஈரக் கட்டியை அன்றே வாருங்கள், கூளத்தைக் கிளறிவிடுங்கள். ஆட்டுக்கொட்டிலில் புழுக்கையைத் தினமும் கூட்டினால் பக்குவப்படும் முன்பே ஊசிஸ்ட் வெளியே போய்விடும். தீவனத்தைத் தரையில் போடவே கூடாது. பெரிய ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அது போடும் ஊசிஸ்ட் குட்டிக்கு வினை. வயது வாரியாகப் பிரித்து வையுங்கள், வேலையைச் சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடியுங்கள். பால் மறக்க வைப்பது, இடம் மாற்றுவது, தீவனம் மாற்றுவது மூன்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள்.

தீவனத்தில் தொடர்ந்து கலக்கும் தடுப்பு மருந்துகளும் இருக்கின்றன. மோனென்சின், சலினோமைசின் போன்றவை ஒட்டுண்ணியை முழுக்கக் கொல்லாமல் அடக்கி வைக்கும், அதனால் எதிர்ப்பு சக்தி வளர இடம் இருக்கும். ஒரே மருந்தைப் பல பேட்ச் ஓட்டினால் ஒட்டுண்ணி பழகிவிடும், மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கை: இந்தத் தீவனத்தைக் குதிரை தின்றால் செத்துவிடலாம்; டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக்கோடு இவை சேர்ந்தால் கோழிக்கும் பன்றிக்கும் நஞ்சு.

ஒவ்வொரு பேட்சிலும் இதே கதை என்றால் உங்களுக்கு நான் சொல்வது தடுப்பூசி. ஊசி என்று பெயரே தவிர, உயிருள்ள ஊசிஸ்ட்டைக் கொஞ்சமாக முதல் நாள் குஞ்சின் மேல் தெளிப்பதோ வாயில் கொடுப்பதோதான். 1952-லிருந்தே இது கோழிக்கு வியாபாரத்தில் இருக்கிறது. ஒரு வகைக்குப் போட்டது இன்னொரு வகையைத் தடுக்காது, ஆகவே உங்கள் கொட்டகையில் இருக்கும் வகை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். போட்ட பிறகு தீவனத்தில் தடுப்பு மருந்து இருக்கக் கூடாது, தண்ணீரில் ஆம்ப்ரோலியமும் கூடாது. இரண்டும் தடுப்பூசியையே கொன்றுவிடும். அந்த ஊசிஸ்ட் இரண்டு மூன்று சுற்று குஞ்சின் வழியாகப் போய் வந்தால்தான் எதிர்ப்பு முழுமையாகும் என்பதால், முதல் மூன்று வாரம் கூளத்தை முழுசாக மாற்றாமல் அந்தக் கைப்பிடிச் சோதனையில் லேசாக ஒட்டி உதிரும் பதத்திலேயே வைத்திருங்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஓரிரண்டு எச்சத்தில் சிவப்புத் தெரியலாம். குஞ்சுகள் தின்றுகொண்டு, ஓடிக்கொண்டிருந்தால் மருந்துப் பாக்கெட்டைத் தொடாதீர்கள்; முடங்கி உட்காரவோ சாகவோ தொடங்கினால் மட்டும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.